சக்கரத்துக்குப் பின்னால் ஓர் அடுப்பு

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் திணறும், இறங்கும்போது பிரேக் திணறும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டினால் முதலில் மூக்கில் ஏறுவது ஒரு கருகல் நெடி. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும். பிரேக் என்ன வேலை செய்கிறது என்பதை அந்த அனலே சொல்லிவிடும். வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றிக் காற்றில் கலக்கவிடுவதுதான் அதன் வேலை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் 80 கி.மீ. வேகத்தில் வந்து நிற்கும்போது ஏறத்தாழ 2,47,000 ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. முக்கால் லிட்டருக்கும் சற்று அதிகமான குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இத்தனையும் ஒரே ஒரு முறை நிற்பதற்கு! வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், இந்த வெப்பத்தில் பெரும்பங்கை முன்சக்கரங்களே சுமக்கின்றன. நம் ஊர்ச் சிறு கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் இருப்பது இதனால்தான். டிரம் மூடிய பாத்திரம் மாதிரி, சூடு உள்ளேயே தங்கிவிடும். டிஸ்க் திறந்த தட்டு. ஓடும் காற்று அதைத் தடவித் தடவி ஆற்றிவிடும்.

டிஸ்க் பிரேக்குக்கு பிரிட்டனில் காப்புரிமை பெற்றவர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர். ஆண்டு 1902. அவர் தட்டை இறுக்கிப் பிடிக்கச் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தோடு உலோகம் உரசினால் என்ன ஆகும்? காதைக் கிழிக்கும் கிறீச்சொலி. அந்தக் குறையைத் தீர்க்க உதவியவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிகள் சரிவில் இறங்கப் படும் பாட்டைப் பார்த்து, பிரேக்கில் ஒட்டும் உராய்வுப் பொருளைச் செய்வதையே தொழிலாக்கிக்கொண்டவர் அவர். 1897-இல் அவர் தொடங்கியதுதான் இன்றும் பிரேக் பேடு அட்டைப்பெட்டிகளில் பார்க்கும் ஃபெரோடோ நிறுவனம். ஃப்ரூட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்தால் அந்தப் பெயர் வரும். டிஸ்க் பிரேக்கின் அருமை உலகுக்குத் தெரியவர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றது. மற்ற வண்டிகள் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிய இடத்தைத் தாண்டியும் அது பாய்ந்துபோய் பிரேக் பிடித்தது. நிறுத்தத் தெரிந்த வண்டிதான் ஓடத் தெரிந்த வண்டி என்பதைப் பந்தயக்காரர்கள் அன்று கண்ணால் பார்த்தார்கள்.

இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்கும் ஆழமான வேர் உண்டு. பிரேக்ஸ் இந்தியா 1962-இல் சென்னையை அடுத்த பாடியில் தொடங்கப்பட்டது. ரானே பிரேக் லைனிங்கும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சென்னையில் வளர்ந்தவையே.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? காலால் பெடலை மிதிக்கிறோம். மாஸ்டர் சிலிண்டர் என்ற சிறிய குழலில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போய், டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன், உராய்வுப் பொருள் ஒட்டிய தகடான உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மீது அழுத்த, காலிப்பரே தன் இரு பின்களின் மீது வழுக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து ஒட்டவைக்கிறது. இரண்டு விரலால் அப்பளத்தைப் பிடிப்பது போன்ற பிடி.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? இந்தக் கேள்விக்கான விடைதான் இந்தப் பொறியிலேயே மிக அழகான பகுதி. அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுமுகம் கொண்ட ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அவ்வளவுதான். பிஸ்டன் முன்னே போகும்போது ரப்பர் அதைப் பிடித்தபடியே சற்று வளைந்து கொடுக்கிறது. அழுத்தம் விட்டதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது, கூடவே பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னே இழுத்துக்கொள்கிறது. பேடு தேய்ந்து மெலிந்தால் பிஸ்டன் ரப்பரின் பிடியில் சற்று வழுக்கி, புதிய இடத்தில் நிலைகொள்ளும். எண்ணெய் கசியாமல் காப்பதும், பேடை விடுவிப்பதும், தேய்மானத்துக்கு ஏற்பத் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதும் ஆக மூன்று வேலைகளை ஒரு ரப்பர் வளையம் செய்கிறது. இதைப் பார்ப்பதற்காகவேனும் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றலாம்.

பேடு மாற்றும் காலம் வந்துவிட்டதைப் பல வண்டிகள் தாமே சொல்லும். பேடின் ஓரத்தில் ஒரு சிறிய இரும்பு நாக்கு இருக்கும். உராய்வுப் பொருள் தேய்ந்து ஏறத்தாழ 3 மி.மீ.க்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தத்தை ரேடியோ வைத்து அமுக்கிவிட்டு ஓட்டுபவர்களுக்குப் பேடின் முதுகில் இருக்கும் இரும்புத் தகடே டிஸ்க்கைச் சுரண்டத் தொடங்கும். அப்போது பேடோடு டிஸ்க்கும் போகும். டிஸ்க்குக்கும் ஆயுள் எல்லை உண்டு. அதன் விளிம்பிலோ நடுமேட்டிலோ குறைந்தபட்சக் கனம் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 20 மி.மீ. கடைசி எல்லை. ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரம்பைத் தவிர்த்து, பேடு உரசும் இடத்தில் அளக்க வேண்டும். கனம் குறைந்த டிஸ்க் சூட்டை வாங்கிவைக்கும் திறனை இழந்துவிடுகிறது. மலை இறக்கத்தில் அது சீக்கிரமே கொதித்துப்போகும்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாமா? முன்பக்கப் பேடையும் டிஸ்க்கையும் பொறுத்தவரை, நிதானமும் கருவிகளும் உள்ளவர் செய்யலாம். காரணம் எளிது. பிரேக் ஆயில் போகும் குழாயை எங்கும் திறக்க வேண்டியதில்லை, எனவே காற்று புகாது. ஒர்க்‌ஷாப்பில் வரிசையாக வண்டிகள் காத்திருக்கும். வீட்டு வாசலில் ஒரே வண்டிதான். துருவைச் சுரண்டவும் பின்னைத் துடைக்கவும் தேவையான நேரம் வீட்டுக்காரருக்குத்தான் கிடைக்கும், பிரேக் வேலையின் தரம் அந்தச் சில்லறை வேலைகளில்தான் இருக்கிறது.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றே தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி போட வேண்டும். தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டு வைத்தே தீர வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. இதில் சமரசமே கிடையாது.

சக்கரம் கழன்று வந்ததும் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் காலிப்பரின் முதுகு தெரியும். பின்களைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் காலிப்பர் கையோடு வந்துவிடும். அதை ரப்பர் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிட வேண்டும். அந்த ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. பிறகு பழைய பேடுகளை உருவி, காலிப்பர் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றினால் டிஸ்க் விடுபடும். விடுபட வேண்டும் என்பது கணக்கு. நிஜத்தில் அது துருவேறி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு ஒட்டிக் கிடக்கும். பல டிஸ்க்குகளில் இதற்கென்றே இரண்டு மரைத் துளைகள் இருக்கும். பொருத்தமான 8 மி.மீ. போல்ட்டுகளை அவற்றில் மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானே எழும்பி வரும்.

பலரும் அவசரப்படும் இடம் இனிமேல்தான் வருகிறது. பழைய டிஸ்க் உட்கார்ந்திருந்த ஹப்பின் முகத்தில் துருப் பொருக்கு இருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒரு தாளின் கனம், அதாவது 0.1 மி.மீ. துரு ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும், டிஸ்க்கின் விளிம்பில் அது ஏறத்தாழ இரு மடங்கு ஆட்டமாகிவிடும். பல கார்களுக்கு அனுமதிக்கப்படும் ஆட்டமே 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் "டிஸ்க் வளைஞ்சுபோச்சு" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது. ஆட்டத்தோடு சுற்றும் டிஸ்க், ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தேய்ந்து கனம் மாறிப்போயிருக்கும். புது டிஸ்க் போட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் நடுக்கம் வந்தால் ஹப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்த பிறகே பொருத்த வேண்டும். அடுத்தது பிஸ்டன். பழைய பேடு மெலிந்ததால் வெளியே வந்திருக்கும் அதைச் சி கிளாம்ப் கொண்டு மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அந்த நேரத்தில் பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் மட்டம் உயரும். அது வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும். காலிப்பர் வழுக்கும் பின்களைத் துடைத்து, ரப்பருக்கு ஒத்துப்போகும் பிரேக் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைத்துவிடும். பின் இறுகிப்போனால் ஒரு பேடு மட்டும் தேயும், மற்றது அப்படியே இருக்கும். கழற்றிய இரண்டு பேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பின்னின் கதை தெரிந்துவிடும். பேடின் முகத்தில் கிரீஸ் துளியும் படக் கூடாது. போல்ட்டுகளைக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு டார்க் ரிஞ்ச் வைத்து இறுக்க வேண்டும்.

இடது சக்கரத்துக்கு மாற்றினால் வலதுக்கும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பழைய பிரேக் தூசியை வாயால் ஊதுவதோ கம்ப்ரசர் காற்று அடிப்பதோ வேண்டாம். ஒரு காலத்தில் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தே செய்தார்கள். அதன் இழை நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் தரும். இன்றைய தூசியும் மூச்சுக்கு நல்லதல்ல. பேடில் இருந்து உதிரும் செம்பு மழைநீரோடு ஓடி ஆற்று மீன்களைப் பாதிக்கிறது என்பதால் அமெரிக்காவின் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2010-இலேயே பேடில் செம்பைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தன. எனவே தூசியை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுவதே முறை.

வீட்டில் தொடக் கூடாதவையும் உண்டு. பின்னால் டிஸ்க் உள்ள சில கார்களில் ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கும். அந்தப் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, தனிக் கருவி கொண்டு திருகி உள்ளே அனுப்ப வேண்டும். பட்டன் அழுத்தும் மின் ஹேண்ட் பிரேக் என்றால் ஸ்கேனர் தேவைப்படலாம். பிரேக் ஆயில் மாற்றும் வேலையையும் பழகியவரிடம் விடுவது நல்லது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம் என்பது தரவிதி. மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் பொதபொதவென்று தரைவரை போகும். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

எல்லாம் முடிந்து வண்டியை எடுக்கும் முன் பெடலைப் பல முறை மிதியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொட்டிருக்காது, முதல் மிதி வெறுமையாகப் போகும். இதை மறந்து கியர் போட்டால் வண்டி நிற்காது. பெடல் கெட்டியானதும் போக்குவரத்து இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், பத்துத் தடவையாவது செய்யுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கின் முகத்தில் மெல்லிய படலமாகப் படிந்தால்தான் பிடி சரியாக வரும். பிறகு சில கிலோமீட்டர் பிரேக் பிடிக்காமல் ஓட்டி ஆறவிடுங்கள். முதல் 200 கிலோமீட்டர் வரை அவசரம் இல்லாமல் கடுமையாக மிதிக்க வேண்டாம். 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒரு முறை முறுக்கிப் பாருங்கள்.