குடல் நோய்க் கிருமிகளும் நம் தண்ணீர்க் குடமும்

கோடை முதிர்ந்து ஊருணிகள் வற்றி, குழாயடியில் குடங்கள் வரிசை நிற்கும் காலத்திலும், பின்னர் முதல் மழை பெய்து தெருக்கழிவெல்லாம் கிணற்றடிக்கு வழிந்தோடும் காலத்திலும், நம் பகுதியில் வயிற்றுப்போக்கு தலைகாட்டுவது வழக்கம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் வாழும் அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. வறண்ட காற்று தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் உதவிற்று. அவ்வறட்சியே குடிநீரை அரிதாக்கிற்று. குழாய் நீர் நாள்தோறும் வராத தெருக்களில், வந்த நாளில் பிடித்த நீர் பல நாள் குடத்திலும் தொட்டியிலும் கிடக்கின்றது. அந்நீருக்குள் எத்தனை கைகள் நுழைகின்றன என்பதைப் பொறுத்தே அவ்வீட்டாரின் வயிற்று நலம் அமைகின்றது எனின் மிகையாகாது.

இதனை எழுதுகிறவனின் சிறு வயதில், எங்கள் நெசவுத் தெருவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்குக் காலையில் பேதி கண்டது. தண்ணீர் கொடுத்தால் போக்கு மிகும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டனர். குழந்தை தண்ணீர்ப் பானையையே பார்த்துக்கொண்டு கிடந்தது. மாலைக்குள் கண்கள் குழிந்தன. மறுநாள் அத்தெருவில் தறிச்சத்தம் கேட்கவில்லை. அப்பெரியவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அவர்கள் அறிந்தது அவ்வளவே. அக்குழந்தை இறந்தது நீர் வற்றியதால்தான். அது ஏன் என்பதை இன்று நாம் தெளிவாக அறிவோம்.

நம் குடலில் எண்ணற்ற கிருமிகள் எந்நாளும் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வன அல்ல. நோய் செய்யும் கிருமிகள் வெளியிலிருந்து வருகின்றன. ஒருவரின் மலத்திலிருந்து மற்றொருவரின் வாய்க்கு வருகின்றன என்பதே உண்மை. நீர், ஈ, விரல், கழுவாத காய்கறி ஆகியவை அவற்றின் வண்டிகள். வாய்க்குள் புகுந்த கிருமியை முதலில் எதிர்ப்பது இரைப்பையின் அமிலம். காலராக் கிருமி அவ்வமிலத்தில் இலட்சக்கணக்கில் மடியும். ஆகையால் அது பெருந்தொகையாக உட்சென்றால்தான் நோய் உண்டாகும். சீதபேதி செய்யும் ஷிகெல்லாக் கிருமியோ அமிலத்தைத் தாங்கும்; நூற்றுக்கும் குறைவான கிருமிகளே போதும். அதனால்தான் கலங்கிய நீரின்றியே, கழுவாத கையால் மட்டும் அது வீடு முழுவதும் பரவுகின்றது.

காலராவின் கதை நம் நாட்டோடு மிகவும் பிணைந்தது. 1884ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து, காற்புள்ளி போல வளைந்த கிருமியை நோயாளிகளின் குடலில் கண்டார். மக்கள் குளித்துக் குடித்து வந்த குளத்து நீரிலும் அதனையே கண்டார். ஆனால் அக்கிருமி எவ்வாறு கொல்கின்றது என்பது மேலும் முக்கால் நூற்றாண்டு விளங்கவில்லை. கிருமி இரத்தத்தில் கலந்து உடலெங்கும் நஞ்சூட்டுகிறது என்றே பலர் எண்ணினர். 1959ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் தே, கிருமியை முற்றிலும் வடிகட்டி நீக்கிய சாற்றை மட்டும் முயலின் குடற்பகுதியில் செலுத்திப் பார்த்தார். கிருமி இல்லாமலே அங்கு நீர் பெருகி நிறைந்தது. கிருமி சுரக்கும் நஞ்சே நோய் செய்கிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. எளிய கருவிகளைக் கொண்டு செய்த இவ்வாராய்ச்சிக்கு அவர் வாழ்நாளில் கிடைத்த பெருமை மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

அந்நஞ்சு செய்வது யாது? காலராக் கிருமி தன் வாலால் நீந்திச் சளிப்படலத்தைக் கடந்து, நுண்ணிய இழைகளால் சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே புகுவதில்லை, வாயிலில் நின்றே நஞ்சை உமிழ்கிறது. நஞ்சு குடலின் உயிரணுவுக்குள் சென்று, உப்பை வெளியேற்றும் மடையைத் திறந்து, திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. உப்பு வெளியேற, அதன் பின்னே நீர் ஓடுகிறது. கண்மாயின் மடை உடைந்தாற்போலத்தான். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும். ஆறு மணி நேரத்தில் திடகாத்திரமான தறிகாரரும் எழ முடியாமல் விழுவது இதனாலேயே.

இங்கே ஓர் அதிசயம் உண்டு. உப்பை வெளியேற்றும் மடை திறந்து கிடந்தாலும், உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வேறொரு வாயிலை நஞ்சு தொடுவதில்லை. அவ்வாயில் தனி உப்பை ஏற்காது. குளுக்கோஸ் துணை வந்தால் ஏற்கும். பாவு மட்டும் இருந்தால் துணியாகாது, ஊடையும் வேண்டும் என்பதை நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விரண்டும் உள்ளே செல்லும்போது நீரும் உடன் செல்கின்றது. எனவே பேதி நிற்காமல் இருக்கும்போதே, குடித்த நீர் உடலிற் சேர்கின்றது. தண்ணீரைத் தடுத்த நம் பெரியவர்கள் அறியாதது இதுவே.

1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் திரண்டு வந்தபோது, எல்லையை அடுத்த பன்கான் முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. அங்கே பணிபுரிந்த மருத்துவர் திலீப் மகலனோபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையற் சோடாவும் கலந்த பொட்டலங்களைக் கல்கத்தாவில் கட்டுவித்து, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, அவர் பராமரிப்பில் நான்குக்கும் கீழே இறங்கிற்று. இன்று கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலம், ஓ.ஆர்.எஸ்., அவ்வழி வந்ததே.

பொட்டலத்தின் மேல் எழுதிய அளவு நீரிலேயே அதனைக் கரைக்க வேண்டும். பொதுவாகப் பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். பாதி நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்காகும். பொட்டலம் இல்லாவிடில், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பிட்ட அரிசிக்கஞ்சியும் நன்றே. பாவுக்குக் கஞ்சி போடும் வீட்டில் அரிசிக்குப் பஞ்சமிராது. ஒவ்வொரு முறை பேதியான பின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டர் கொடுக்கலாம். பெரியவர் வேண்டுமளவு பருகலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது, உணவையும் நிறுத்தலாகாது. கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும். குழந்தைகளுக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் தருவர். பேதி நின்றவுடன் அதனை விட்டுவிடாமல் முழுவதும் கொடுக்க வேண்டும்.

கண் குழிதல், கிள்ளிய தோல் மெதுவாக மீளுதல், சிறுநீர் இன்மை, மயக்கம், குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மருத்துவமனைக்கு உடனே செல்க. கூலி நாள் போகிறதே என்று அந்திவரை காத்திருத்தல் கூடாது.

காலரா பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அதுவரை உலகம் காணாத புதிய காலரா வகை ஒன்று சென்னையில் கண்டறியப்பட்டது. ஓ 139 என்று அதற்கு எண்ணிட்டனர். பழைய காலராவை எதிர்க்கும் வலிமை பெற்றிருந்த பெரியவர்களையும் அது தாக்கிக் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது, பின்னர்த் தணிந்தது. 2022 ஜூலையில் காரைக்காலில் பழைய வகைக் காலரா பரவி, அங்கு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

ஷிகெல்லா வாயிலில் நிற்பதில்லை. பெருங்குடலின் சுவருக்குள் புகுந்து, ஓர் உயிரணுவிலிருந்து அடுத்ததற்குச் சுவரைத் துளைத்துச் செல்கிறது. அதனாலேயே சீதமும் இரத்தமும் வயிற்றுக் கடுப்பும் உண்டாகின்றன. பேதியைக் கட்டும் மாத்திரையை இந்நோய்க்கு உண்பது கிருமியை உள்ளே பூட்டுவதற்கு ஒப்பாகும்.

டைபாய்டுக் கிருமியின் சூழ்ச்சி வேறு. அது குடலில் தங்காமல் அதனைக் கடந்து, கிருமிகளை விழுங்க வேண்டிய காவல் அணுக்களுக்குள்ளேயே ஒளிந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றில் பெருகுகிறது. பேதியைவிட நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சலே அதன் அடையாளம். கவனியாது விட்டால் இரண்டு மூன்று வாரங்களில் குடலிற் துளை விழக்கூடும். குணமானவர்களுள் சிலரின் பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கும். நோயின்றியே அவர் பிறருக்குப் பரப்புவார். நியூயார்க்கில் மேரி மல்லன் என்ற சமையற்காரி 1907இலும் மீண்டும் 1915இலும் தனிமைப்படுத்தப்பட்டது இக்காரணத்தாலேயே. இந்நோயை அறிய, முதல் வாரத்தில் இரத்தத்தை வளர்ப்பு முறையில் சோதிப்பதே நம்பத்தக்கது. வைடால் சோதனை பலமுறை ஏமாற்றும்.

1948இல் குளோராம்பெனிகால் வந்தபோது டைபாய்டு அடங்கிவிட்டதாகக் கருதினர். கிருமி அதனை வென்றது. பின் வந்த மருந்துகள் சிலவற்றையும் வென்றது. இதற்கு நாமும் பொறுப்பாவோம். கடையில் இரண்டு மாத்திரை வாங்கி, காய்ச்சல் தணிந்தவுடன் நிறுத்துவோர் நம்முள் எத்தனை பேர்! சாதாரண வயிற்றுப்போக்குக்கு, அதிலும் குழந்தைகளுக்கு வருவதற்குப் பெரும்பாலும் வைரஸே காரணமாதலால், அம்மாத்திரைகளால் பயனே இல்லை. காலரா, சீதபேதி, டைபாய்டு ஆகியவற்றுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்தைச் சொன்ன நாள் வரை உண்ண வேண்டும். டைபாய்டுக்கு ஐதராபாத்தில் செய்யப்படும் தடுப்பூசி ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2017 இறுதியில் ஏற்றுக்கொண்டது. ஆறு மாதக் குழந்தை முதல் அதனைப் போடலாம்.

பட்டாசு ஆலைத் தொழிலாளருக்கு ஒரு சொல். உங்கள் பேச்சில் மருந்து என்பது வெடிமருந்து. உணவுப் பாத்திரத்தைத் திறக்குமுன் அம்மருந்தைச் சோப்பிட்டுக் கழுவினால், கிருமியும் உடன் போகும். வெறும் நீரில் அலம்பினால் இரண்டும் போவதில்லை.

குடிநீர் தளதளவெனக் கொதித்து ஒரு நிமிடமேனும் நிற்க வேண்டும். குடத்துக்கு மூடியும், நீளப் பிடியுள்ள அகப்பையும் வேண்டும். பொதுக் கிணறு உள்ள இடங்களில் 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுக் கணக்கு. அதனை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியிற் படிந்தபின் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கி, ஒரு மணி நேரம் கழித்தே நீர் இறைக்கலாம். நீர் கலங்கியிருந்தால் இவ்வளவு போதாது. சுகாதார ஆய்வாளரைக் கொண்டு சோதித்து அளவை அறிக. பவுடர் டப்பாவைத் திறந்து வைத்தால் சில வாரங்களில் வலிமை இழந்துவிடும். சென்ற ஆண்டு வாங்கி மூலையில் வைத்ததை இவ்வாண்டு போடுவதில் பயனில்லை.