நினைவு வெள்ளி நாணயங்களும் பதக்கங்களும்: எடைக்கு மேல் விலை போவது ஏன்?

ஒரு நிகழ்வையோ, ஒரு மனிதரையோ, ஒரு நிறுவனத்தையோ நினைவுகூர்வதற்காக வெள்ளியில் அச்சிடப்படும் வட்டத் தகடு இரு வகைப்படும். அரசு ஒரு முகமதிப்பைப் பொறித்து வெளியிட்டால் அது நினைவு நாணயம். முகமதிப்பு இல்லாவிட்டால் அது பதக்கம். பதக்கத்தை அரசு நாணயச்சாலையும் அச்சிடலாம், தனியார் நிறுவனமும் அச்சிடலாம். இரண்டிலும் உள்ள வெள்ளியின் அன்றைய விலை ஒன்றாகவும் அவை விற்கும் விலை வேறொன்றாகவும் இருப்பது வழக்கம். சில மூன்று நான்கு மடங்குக்கு விலை போகின்றன. சிலவற்றுக்கு நகைக்கடைத் தராசு காட்டும் எடைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடைப்பதில்லை.

வெள்ளியின் விலை இவற்றுக்கு ஒரு தரை போன்றது. பொதுவாக அதற்குக் கீழே விலை இறங்காது. அதற்கு மேல் எவ்வளவு போகும் என்பதை அந்தத் துண்டு எத்தனை உள்ளது, எத்தனை பேருக்கு அது வேண்டும், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றுமே தீர்மானிக்கின்றன.

தஞ்சைக் கோயில் நாணயம்

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி 2010இல் அறிவிக்கப்பட்ட நாணயங்கள். கோயிலின் உருவம் 5 ரூபாய் நாணயத்திலும் 1000 ரூபாய் நாணயத்திலும் பொறிக்கப்பட்டது. இந்தியாவில் 1000 ரூபாய் முகமதிப்பில் வந்த முதல் நாணயம் அதுவே. 5 ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்தது. மளிகைக் கடையில் சில்லறையாகவே பலருக்குக் கிடைத்தது. 1000 ரூபாய் நாணயத்தையோ முன்பதிவு செய்து பணம் கட்டியவர்கள் மட்டுமே பெற்றார்கள்.

அதன் எடை 35 கிராம். அதில் 80 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. அதாவது 28 கிராம் வெள்ளி. இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் நினைவு நாணயம் வாங்கக் கூடாது. ஏனென்றால் இந்தியாவின் 100 ரூபாய் வெள்ளி நாணயங்களில் பெரும்பாலானவை நீண்ட காலம் வேறொரு கலவையில் வந்தன: வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு. அதே 35 கிராம் எடையில் வெள்ளி 17.5 கிராம்தான். இணைய விளம்பரத்தில் “35 கிராம் வெள்ளி நாணயம்” என்று எழுதுபவர் எடையில் பொய் சொல்லவில்லை. பாதி வேறு உலோகங்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறார்.

எத்தனை உள்ளன?

தீபாவளிக்கும் அட்சய திருதியைக்கும் நகைக்கடைகளில் விற்கும் லட்சுமி, விநாயகர் உருவம் போட்ட வெள்ளிக்காசை இதனோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். அவை பெரும்பாலும் தூய வெள்ளி. வேலைப்பாடும் மோசமில்லை. ஆயினும் வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் வரியும் விற்கும்போது திரும்பி வராது. அடுத்த ஆண்டும் அதே அச்சில் வேண்டிய அளவு அடிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அரசு வெளியீடு என்பதாலும் விலை ஏறிவிடாது. இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் 1964இல் நேருவுக்காக வந்தன, அவை நிக்கல். வெள்ளியில் வந்த முதல் நினைவு நாணயம் 1969ஆம் ஆண்டின் காந்தி நூற்றாண்டு 10 ரூபாய். 15 கிராம் எடையில் 80 விழுக்காடு வெள்ளி கொண்டது. லட்சக்கணக்கில் அச்சிடப்பட்டதால் பல வீடுகளில் இன்றும் பெட்டியடியில் கிடக்கிறது. காந்தி என்ற பெயரும் ஐம்பது ஆண்டு வயதும் இருந்தும், சாதாரண நிலையில் உள்ள காசு வெள்ளி விலையை ஒட்டியே போகிறது.

யாருக்கு வேண்டும்?

எண்ணிக்கை குறைவாக இருந்து, கேட்பவரும் இல்லாவிட்டால் விலை எழாது. இதை அமெரிக்கர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1964இல் தொடங்கிய ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம், மாதம் ஒன்றாகச் சந்தா முறையில் 92.5 விழுக்காடு வெள்ளிப் பதக்கங்களை விற்றது. பலர் அவற்றை முதலீடாக எண்ணி வாங்கினர். மறுவிற்பனைக்குப் போனபோது தொடரை முழுமையாக வைத்திருந்தவருக்கும் பெரும்பாலும் வெள்ளி விலையே கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் அவுன்சுக்கு (31.1 கிராம்) 2 டாலர் அளவில் இருந்த வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. அப்போது ஏராளமான பதக்கங்கள் உருக்குலைக்குப் போயின. தப்பிப் பிழைத்தவற்றில் சில பின்னாளில் அரியவையாயின என்பது இதில் ஒரு வேடிக்கை.

இந்தியாவில் பதக்கத்துக்கும் நாணயத்துக்கும் இங்கே சட்ட வேறுபாடும் உண்டு. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது. நினைவு நாணயமும் அச்சட்டப்படி நாணயமே. பதக்கத்துக்கு அந்தத் தடை இல்லை.

பற்று விலையை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு அண்மைச் சான்று, மு. கருணாநிதியின் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம். 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் வெளியிடப்பட்டது. பின்னர் அண்ணா அறிவாலயத்தில் ஒன்று 10,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது. அந்த விலைக்கும் வெள்ளிச் சந்தைக்கும் தொடர்பில்லை. தலைவரின் நினைவுப்பொருளைக் கட்சி அலுவலகத்திலேயே வாங்கிய தொண்டர்கள் கொடுத்த விலை அது. இதுபோன்ற விலை அடுத்த தலைமுறையிலும் நிற்குமா என்பது அந்தப் பற்றுள்ளவர்கள் அப்போது எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைப் பொறுத்தது. காமராசர், அண்ணா, எம்.ஜி.ஆர்., எம்.எஸ். சுப்புலட்சுமி ஆகியோரின் நாணயங்களைத் தமிழ்நாட்டில் தேடி வாங்குவோர் உண்டு. வட இந்திய வியாபாரிக்கு அவை பத்தோடு பதினொன்று.

திருநீறு போட்டுத் தேய்க்கலாமா?

நாணயச்சாலை ஒரே நாணயத்தை இரண்டு தரத்தில் விற்பதுண்டு. யு.என்.சி. என்பது புழங்காத சாதாரணத் தரம். புரூஃப் என்பது மெருகேற்றிய தகட்டை மெருகேற்றிய அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி எடுப்பது. தளம் கண்ணாடி போலவும் உருவம் பனி படர்ந்தது போலவும் தெரியும். சேகரிப்பாளர் கூடுதல் விலை கொடுப்பது இந்தக் கண்ணாடித் தளம் கீறாமல் இருப்பதற்காகத்தான்.

நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்பது பழக்கம். குத்துவிளக்குக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் அது சரி. புரூஃப் நாணயத்தில் ஒரே ஒரு முறை தேய்த்தாலும் நுண்கீறல் விழுந்து, சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலையில் பெரும்பகுதி போய்விடும். அந்தக் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து உண்டாகும் வெள்ளி சல்பைடுப் படலம். அப்படியே விடுவதே நல்லது. கழுத்துச் சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்த காசும் எடைக்குத்தான் போகும். மென்மையான பி.வி.சி. உறைகளில் நெடுநாள் வைத்தால் பச்சைப் பிசுக்கு ஏறும். நாணயச்சாலையின் பெட்டி, உறை, சான்று அட்டை மூன்றையும் எறியாமல் வைத்திருப்பவருக்கு விற்கும்போது கூடுதலாகக் கிடைக்கும்.

போலியைக் கண்டறிதல்

விலை எடையைத் தாண்டினால் போலியும் வரும். காந்தம் வைத்துப் பார்ப்பது போதாது. செம்பு-நிக்கல் கலவையையும் காந்தம் ஈர்க்காது. அடர்த்தியைப் பார்ப்பதே நம்பத்தக்கது. ஒரு குவளைத் தண்ணீரைத் துல்லியமான மின்னணுத் தராசில் வைத்து அளவைப் பூச்சியமாக்கவும். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடவும். தராசு காட்டும் கிராம் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். தூய வெள்ளிக்கு 10.5, தஞ்சை நாணயத்தின் 80 விழுக்காட்டுக் கலவைக்கு ஏறத்தாழ 10.1, 50 விழுக்காட்டுக் கலவைக்கு 9.5, வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கலுக்கு 8.9. எனவே 35 கிராம் எடையுள்ள 50 விழுக்காட்டு நாணயம் 3.7 கிராம் காட்டும், போலி 3.9 காட்டும். வித்தியாசம் சிறியது என்பதால் இரண்டு பதின்மமாவது காட்டும் தராசு வேண்டும்.

எங்கே விற்பது?

பெண்ணாடம் போன்ற ஊரில் அவசரத்துக்கு ஒரு நினைவு நாணயத்தை எடுத்துக்கொண்டு போகிறவர் முதலில் நுழைவது நகைக்கடை அல்லது அடகுக்கடை. அங்கே எடையும் டச்சும் பார்த்து விலை சொல்வார்கள். சேகரிப்பு மதிப்பைப் பார்ப்பது அவர்கள் தொழிலில்லை. மேற்கொண்டு விலை வேண்டுமானால் நாணயவியல் சங்கங்களின் கண்காட்சிக்கோ ஏல நிறுவனத்துக்கோ போக வேண்டும். நாணய வியாபாரியும் தன் விற்பனை விலையைத் தர மாட்டார். தன் லாபத்தைக் கழித்தே கேட்பார். இணையத்தில் ஒருவர் எழுதி வைத்திருக்கும் விலை அவருடைய ஆசை மட்டுமே. முடிந்த ஏலங்களில் உண்மையாகக் கைமாறிய தொகையைப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும்.

இப்பகுதியினருக்குப் பக்கத்திலேயே ஒரு புதிய நாணயமும் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலை 27 அன்று பிரதமர் நரேந்திர மோடி ராஜேந்திர சோழனின் நினைவு நாணயத்தை வெளியிட்டார். சோழர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் உலகெங்கும் இருப்பதால் கேட்பாருக்குக் குறைவிருக்காது. வெளியீட்டு விழாச் சூட்டில் இரண்டு மடங்கு சொல்லும் வியாபாரியிடம் வாங்குவதற்கு முன், அரசு நாணயச்சாலையின் இணையதளத்தில் முன்பதிவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது திறந்திருக்கும் வரை அந்த நாணயத்துக்குத் தட்டுப்பாடு என்று சொல்ல இடமில்லை.