தொட்டியில் விளையும் ஸ்ட்ராபெரி இனிக்க வேண்டுமானால்

2010இல் புவிசார் குறியீடு பெற்ற மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரியின் சுவைக்குப் பகல் வெயிலும் இரவுக் குளிரும் முக்கிய காரணங்களாம். வெயிலில் இலைகள் சர்க்கரையை உண்டாக்குகின்றன. குளிர்ந்த இரவில் அது குறைவாகவே செலவழிகிறது.

மும்பையின் இரவு அத்தனை குளிராது. ஆகிலும் உங்கள் மாடித்தொட்டியில் நல்ல பழம் பெறலாம். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போதே நடுங்கள். நாள்தோறும் 6 மணி நேரமாவது வெயில் படட்டும். பழுக்கும் நாட்களில் தண்ணீர் மிஞ்சினால் சுவை நீர்த்துப்போகும். தழைச்சத்து மிகுந்தால் இலையே செழிக்கும்.

கடைப்பழம் நெடுந்தூரம் செல்லவேண்டியதால் பெரும்பாலும் முன்னதாகவே பறிக்கப்படுகிறது. பறித்தபின் நிறம் கூடலாம், இனிப்பு கூடாது. உங்கள் தொட்டிக்கோ அந்த அவசரமில்லை. ஆகையால் பிள்ளைகள் நச்சரித்தாலும், காம்புவரை சிவக்குமட்டும் பொறுத்திருந்து, காலையில் பறித்து அன்றே கொடுங்கள்.