பின்சக்கரங்கள் நழுவும் வேளையில்...

அச்சம் மனிதனைக் காக்கும் அரண். நெருப்பைக் கண்டால் கை தானே பின்வாங்குகிறது. பள்ளத்தைக் கண்டால் கால் தானே நிற்கிறது. ஆயினும், அச்சம் காட்டும் வழியிலே சென்றால் அழிவு நேரும் இடங்களும் சில உண்டு. வளைவிலே விரையும் காரின் பின்பகுதி வெளிப்புறமாக நழுவத் தொடங்கும் கணம் அத்தகையது.

ஓட்டுநர் திருப்பியதைவிட அதிகமாகக் கார் திரும்பிவிடுவதால் இதனை 'ஓவர்ஸ்டீயர்' என்பர். பின்சக்கரங்களை எஞ்சின் இயக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இது எளிதில் நேரும். "நம் வீட்டில் ஏது ஸ்போர்ட்ஸ் கார்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் ஓட்டும் பிக்-அப் வண்டிகளில் பலவும் பின்சக்கர இயக்கம் கொண்டவையே. சுமையை இறக்கியபின் அவற்றின் பின்பகுதி இலேசாகிவிடும். பல மாதங்களாகப் படிந்த புழுதியும் எண்ணெயும் முதல் மழையில் குழைந்து கிடக்கும் சாலையில் அவையும் நழுவும்.

ஏன் நழுவுகிறது?

காரைச் சாலையோடு பிணைத்திருப்பவை நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அதன் பிடிமானத்துக்கு வரம்பு உண்டு. வண்டியைச் செலுத்துதல், நிறுத்துதல், திருப்புதல் ஆகிய மூன்றும் அந்த ஒரே பிடிமானத்தைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வளைவிலே ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால், பின்டயர்களின் பிடிமானத்தை எஞ்சினின் விசையே விழுங்கிவிடும். பக்கவாட்டில் தாங்குவதற்கு எதுவும் மிஞ்சாது. பின்பகுதி வெளியே வீசப்படும்.

இதற்கு நேர்மாறான செயலும் அதே விளைவைத் தரக்கூடும் என்பதுதான் வியப்பு! வளைவின் நடுவே அஞ்சிக் காலைச் சட்டென்று எடுத்தால், வண்டியின் எடை முன்சக்கரங்களின் மீது சாய்கிறது. எடை குறைந்த பின்டயர்கள் பிடியை இழக்கின்றன. பிரேக்கை மிதித்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும்.

வேகத்தின் கணக்கையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு வளைவை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கும் 80 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கும் இடையே வேகம் இரு மடங்குதான்; டயர்கள் தாங்கவேண்டிய பக்கவாட்டு விசையோ நான்கு மடங்கு!

ஒரு காரின் வரலாறு

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1963-ஆம் ஆண்டு பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகம் செய்த 911 காரில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்திருந்தது. அந்தப் பாரத்தால் பின்டயர்கள் தரையை நன்கு பற்றின. ஆனால் வளைவின் நடுவே காலை எடுத்துவிட்டால், கயிற்றின் நுனியில் கட்டிய கல்லைப்போல் அதே பாரம் பின்பகுதியைச் சுழற்றி வீசியது. இக்குறையைத் தணிக்க, 1969-ஆம் ஆண்டு மாடலில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டினர்.

1975-இல் வந்த 911 டர்போ 260 குதிரைத்திறன் கொண்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தபின் சற்றுத் தாமதித்தே டர்போவின் விசை திடீரெனப் பாயும். வளைவின் நடுவே அது பாய்ந்தால் பின்சக்கரங்கள் நழுவும்; திடுக்கிட்டுக் காலை எடுத்தால் மேலும் நழுவும். அனுபவமற்றவர்களுக்கு அஞ்சத்தக்க வாகனம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

கற்கும் முறை

இதனைப் பொதுச்சாலையில் கற்க முயல்வது மடமை. தண்ணீர் தெளித்த வழுக்குத் தளங்களில், குறைந்த வேகத்தில், பயிற்சியாளர் அருகிலிருக்கக் கற்பதே முறை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் திடலை ஒட்டி 2008-இல் போர்ஷே திறந்த பயிற்சி மையத்தில், தரையில் பதித்த ஒரு தகடு காரின் பின்சக்கரங்களைத் திடீரெனப் பக்கவாட்டில் தள்ளிவிடும். எந்தப் பக்கம் தள்ளும் என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. உடனே அவர் சமாளித்தாக வேண்டும்.

அங்கே முதலில் பழக்கப்படுவது கண். நழுவும்போது மரத்தையோ தடுப்புச் சுவரையோ பார்க்கலாகாது. செல்லவேண்டிய திசையையே நோக்க வேண்டும். கண் செல்லும் இடத்துக்கே கையும் செல்லும். அடுத்தது கை. பின்பகுதி இடப்புறம் நழுவினால் ஸ்டீயரிங்கையும் இடப்புறமே விரைந்து திருப்ப வேண்டும். மூன்றாவது கால். ஆக்ஸிலேட்டரை அதிகம் மிதித்ததால் நழுவியிருந்தால் மெல்லத் தளர்த்த வேண்டும்; முற்றிலும் எடுத்துவிடக் கூடாது. பிரேக்கைத் தொடவும் கூடாது.

இத்துடன் முடிந்ததா? இல்லை. டயர்கள் மீண்டும் பிடிமானம் பெறும் அந்த நொடியில் ஸ்டீயரிங்கை நேராக்கிவிட வேண்டும். தாமதித்தால் கார் முன்னிலும் வேகமாக எதிர்ப்பக்கம் வீசும். விபத்துகள் பல இந்த இரண்டாவது வீச்சிலேயே நேர்கின்றன. கார் முழுவதும் சுழன்றுவிட்டாலோ போராடிப் பயனில்லை. கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுவதுமாக மிதித்து நிறுத்துவதே வழி.

கருவி போதுமா?

பாஷ் நிறுவனமும் மெர்ஸிடிஸ்-பென்ஸும் 1995-இல் 'ஈ.எஸ்.பி.' என்னும் மின்னணுக் கருவியைக் கொண்டுவந்தன. ஸ்டீயரிங் காட்டும் திசையையும் கார் திரும்பும் அளவையும் ஒப்பிட்டு, பின்பகுதி நழுவினால் வளைவின் வெளிப்புற முன்சக்கரத்தில் மட்டும் அது பிரேக் போடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயமாயிற்று. எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவிதான். எனினும் டயரின் வரம்பை மீறிய வேகத்தில் வருபவரை அதனாலும் மீட்க இயலாது.

ஆகவே, வாகனம் ஓட்டும் உங்கள் பிள்ளைகளிடம் மூன்று செய்திகளை எடுத்துச் சொல்லுங்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைக்கட்டும். தேய்ந்த டயர்களைத் தயங்காமல் மாற்றட்டும். மழையில் கால் மென்மையாக இயங்கட்டும். நழுவும் காரை மீட்பது அரிய கலைதான். நழுவவிடாமல் ஓட்டுவதோ அதனினும் மேலான கலை. வீட்டில் காத்திருப்போருக்கு வேண்டியது அதுவே!