அகமும் புறமும் பொருந்தா இல்லம்: ‘த பிரேடி பஞ்ச்’ தொடரின் காட்சியமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

தொலைக்காட்சி நாடகமொன்றில் வரும் வீடு எங்கே இருக்கிறது என வினவின், அது ஓரிடத்தில் இல்லை என்பதே விடையாகும். அதன் முகப்பு ஏதோவொரு வீதியில் இருக்கும். அதன் கூடமும் அடுக்களையும் படப்பிடிப்புத் தளமொன்றிலே மரச்சட்டங்களாலும் ஒட்டுப்பலகைகளாலும் ஆக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டையும் பொருத்தி ஒரு வீடாகக் காண்பது பார்ப்போரின் மனமே. இப்பொருத்தம் எப்பொழுதும் செம்மையாக அமைவதில்லை. அமையாத இடங்களைத் தேடிக் கண்டு நகையாடுவது தொலைக்காட்சி இரசிகரிடையே ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துள்ளது. கவனக்குறைவு என்ற ஒரு சொல்லால் இம்முரண்கள் யாவற்றையும் விளக்கிவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை, அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிகப் பெயர்பெற்ற வீடுகளுள் ஒன்றைச் சான்றாகக் கொண்டு நாம் ஈண்டு ஆராய்வோம்.

‘த பிரேடி பஞ்ச்’ என்னும் குடும்ப நகைச்சுவைத் தொடரை ஆக்கியவர் ஷெர்வூட் ஷ்வார்ட்ஸ் ஆவார். ஏ. பி. சி. நிறுவனம் இதனை 1969 செப்டெம்பர் முதல் 1974 மார்ச் வரை 117 அத்தியாயங்களாக ஒளிபரப்பிற்று. மனைவியை இழந்தவரும் மூன்று ஆண்பிள்ளைகளின் தந்தையுமான மைக் பிரேடி, மூன்று பெண்பிள்ளைகளின் தாயாகிய கரோலை மணந்துகொள்கிறார். பிள்ளைகள் அறுவரும் பெற்றோரும் அலிஸ் என்னும் பணிப்பெண்ணும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். கதையிலே அவ்வீட்டின் முகவரி கிளின்டன் வே 4222 என்பதாகும். நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு: மைக் பிரேடி தொழிலால் ஒரு கட்டடக் கலைஞர். கட்டடக் கலைஞன் குடியிருக்கும் வீடே கட்டமுடியாத வீடாக அமைந்தமைதான் இத்தொடரின் சுவையான முரண்.

தொடரில் வீட்டின் முகப்பாகக் காட்டப்பட்டது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஸ்ரூடியோ சிற்றி பகுதியிலே, டில்லிங் வீதியில் 1959 இல் கட்டப்பட்ட ஓர் இல்லமாகும். பெருஞ்செல்வர் வீடாகவும் தோன்றாமல், உழைப்பாளர் வீடாகவும் தோன்றாமல், ஒரு கட்டடக் கலைஞர் வாழக்கூடியதாகத் தோன்றியமையாலேயே அதனைத் தெரிந்ததாக ஷ்வார்ட்ஸ் பின்னாளிற் கூறியுள்ளார். அஃதாவது, அவ்வீடு தேரப்பட்டது அதன் அறைகளுக்காக அன்று, அதன் முகத்துக்காகவே. தாழ்ந்த கூரையையுடைய அவ்வில்லம் தரைமட்டங்கள் வேறுபட அமைந்தது. முழுமையான இரண்டாம் மாடி அதற்கு இல்லை. அதன் பரப்பு ஏறத்தாழ 2500 சதுர அடி மாத்திரமே.

உள்ளே நிகழ்வதோ வேறு. பரமவுண்ட் நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளத்திலே அமைக்கப்பட்ட கூடம் உயர்ந்தும் அகன்றும் விளங்குகிறது. அதன் நடுவே பலகைப் படிகள் கொண்ட திறந்த மாடிப்படி மேலேறுகிறது. மேலே ஆண்பிள்ளைகளுக்கோர் அறை, பெண்பிள்ளைகளுக்கோர் அறை, இரண்டுக்கும் பொதுவானதொரு குளியலறை. கீழே அடுக்களை, தந்தையின் வேலையறை, பணிப்பெண்ணின் அறை. முகப்பை முதலிற் கண்டு பின்னர் உள்ளே புகும் ஒருவர் அம்மாடிப்படி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கேட்பாராயின், கூரைக்கு மேலே திறந்த வெளிக்கு என்றுதான் விடை கூறவேண்டும். தயாரிப்பாளர் இதனை அறியாதவரல்லர். முகப்பைப் படம்பிடித்தபோது, உயர்ந்த கூரைப் பகுதியின் சுவரிலே ஒரு போலி யன்னலைப் பொருத்தி, அங்கு மேல்மாடி இருப்பதாகத் தோன்றச்செய்தனர். இப்போலி யன்னல் நம் ஆய்வுக்குத் தலையாய சான்றாகும். முரணை உணராதவன் அதை மறைக்க முயலான். ஒரு யன்னலின் செலவில் ஒரு மாடியைப் பெற்றுக்கொண்டவரைக் கவனக்குறைவுடையோர் எனல் நேர்மையன்று. அவர்கள் கணக்கறிந்தவர்கள் என்பதே எம் கருத்து.

கூடம் அத்துணை அகன்றிருக்க வேண்டியதேன்? ஒன்பது பேர் கொண்ட குடும்பம் ஒரே சட்டத்துள் தோன்றவேண்டும். கமராவும் விளக்குகளும் ஒலிவாங்கியைத் தாங்கும் நீள்கழியும் இயங்குவதற்கு இடம் வேண்டும். படப்பிடிப்புத் தளத்துச் சுவர்கள் கழற்றி மாட்டத்தக்கவை. அறைகளுக்குப் பெரும்பாலும் கூரையில்லை, ஏனெனில் ஒளி மேலிருந்தே வரவேண்டும். மாடிப்படியோ ஒரு வழி மாத்திரமன்று. பிள்ளைகள் அறுவரையும் உயர வரிசையில் நிறுத்திக் காட்டுதற்குரிய ஒரு மேடையுமாகும். ஆகவே உட்புறம் தொழிலின் தேவைக்கும் வெளிப்புறம் தோற்றத்தின் தேவைக்கும் அமைந்தன. இருவேறு வினாக்களுக்குரிய விடைகள் தம்முள் ஒவ்வாமை வியப்பன்று.

இத்தகைய ஒவ்வாமை இத்தொடருக்கு மாத்திரம் உரியதுமன்று. 1951 இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரில் ரிக்கார்டோ தம்பதியர் நியூயோர்க் நகரின் கிழக்கு 68 ஆம் வீதி, 623 ஆம் இலக்கத்தில் வாழ்வதாகக் கூறப்பட்டது. அவ்வீதியிலே அவ்வளவு பெரிய இலக்கம் இல்லை. இருந்திருப்பின் அவ்வீடு ஈஸ்ற் ஆற்றினுள்ளே நின்றிருக்கும்! அன்றியும், 4ஏ இலக்க இல்லத்தில் வாழ்ந்தோர் குழந்தை பிறந்தபின் 1953 இல் 3பி இலக்கத்துக்கு மாறுகின்றனர். பின்னர் அதே இல்லத்தின் கதவு 3டி எனக் காட்டுகிறது. முகவரி பொய்யாயிருப்பது ஒருவகையில் வேண்டப்படுவதே. மெய்யான முகவரியில் மெய்யான மனிதர் குடியிருப்பர். கதவிலக்கம் மாறியமையை அங்ஙனம் நியாயப்படுத்த இயலாது. அது வெறும் மறதியாகவே தோன்றுகிறது.

அத்தொடர் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பார்வையாளர் முன்னிலையிலே மூன்று கமராக்களைக் கொண்டு அதனைத் திரைப்படச் சுருளிற் பதிவுசெய்தனர். நேரடி ஒளிபரப்பே பெருவழக்காயிருந்த அக்காலத்தில், அப்பதிவே மறுஒளிபரப்புக்கு வழிகோலிற்று. மறுஒளிபரப்போ முரண்களைக் காட்டிக்கொடுத்தது. ஒருமுறை ஒளிபரப்பாகி மறைந்துபோகும் நாடகத்திற் கதவிலக்கத்தை நினைவிற் கொள்வார் யார்? ‘த பிரேடி பஞ்ச்’ முதல் ஒளிபரப்பிற் பெருவெற்றி பெற்ற தொடரன்று. அது நின்றபின்னர், பள்ளி விட்டுவரும் சிறுவர்கள் மாலைதோறும் கண்ட மறுஒளிபரப்புகளே அதனை நிலைநிறுத்தின. வாரத்துக்கு ஒருமுறை காண்பதற்கென ஆக்கப்பட்டதை நாள்தோறும், ஆண்டுக்கணக்காக, ஒரு தலைமுறை மனப்பாடஞ் செய்தது. அக்கண்ணுக்கு முன்னே எந்தப் போலி யன்னலும் தப்பாது.

வேறுவகை முரண் ஒன்றுளது. பிள்ளைகள் அறுவரும் பயன்படுத்தும் குளியலறையிற் கைகழுவும் தொட்டி உண்டு, குளிக்கும் தொட்டி உண்டு. மலசலகூட இருக்கை மாத்திரம் காட்டப்படவேயில்லை. இதற்கு இடநெருக்கடியோ கமராவின் தேவையோ காரணமன்று. அக்காலத் தொலைக்காட்சியின் நாகரிகக் கட்டுப்பாடே காரணம். 1957 இல் ‘லீவ் இட் டு பீவர்’ தொடரிற் சிறுவர்கள் முதலைக்குட்டியொன்றை மலசலகூட நீர்த்தொட்டியில் வளர்ப்பதாகக் கதை அமைந்தபோது, ஒளிபரப்பாளர் தடை கூறினர். ஈற்றில் நீர்த்தொட்டியை மாத்திரம் காட்ட இணக்கம் காணப்பட்டது. 1971 இல் தொடங்கிய ‘ஓல் இன் த ஃபமிலி’ தொடரில், நீர் பாய்ச்சும் ஓசை கேட்டமையே பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. பிரேடி இல்லத்துக் குளியலறையின் வெறுமை இப்பின்னணியில் நோக்கத்தக்கது. அதனைக் காட்சியமைப்பாளரின் தவறாகக் கொள்வது வரலாற்றை அறியாமையாகும்.

சிறு செய்திகள் சிலவும் உள. பின்முற்றத்துக்குச் செல்லும் வழுக்குக் கதவிற் கண்ணாடியே இல்லை; விளக்குகளும் கமராவும் அதிற் பிரதிபலிக்கும் என்பதற்காகக் கண்ணாடி விடப்பட்டது. முற்றத்துப் புல்லும் செயற்கை விரிப்பே. தொடக்க அத்தியாயங்களில் வந்த ரைகர் என்னும் நாய் பின்னர்க் கதையிலிருந்து மறைந்துபோகிறது. நாய்க்கூடோ முற்றத்திலேயே நிற்கிறது. விழுந்த விளக்கொன்று புல்விரிப்பிற் சுட்ட துளையை மறைக்கவே அது விடப்பட்டதெனத் தயாரிப்பில் ஈடுபட்டோர் கூறியுள்ளனர். நாயில்லா வீட்டிலே நாய்க்கூடு நிற்பதைப் பிழையெனச் சுட்டுவோர், அந்தக் கூட்டின் கீழே உண்மையான தீக்காயமொன்று கிடப்பதை அறிந்தால் மகிழ்வர் என எண்ணுகிறோம்.

எம்மாற் பொறுத்துக்கொள்ள இயலாத முரண் ஒன்றே. 1973 இல், வளர்ந்துவிட்ட மூத்த மகன் கிரெக் தனக்கெனத் தனியறை வேண்டி வீட்டின் கூரையறைக்கு இடம்பெயர்கிறான். முகப்பின் தாழ்ந்த கூரையை நான்கு ஆண்டுகளாகக் கண்டு பழகிய பார்வையாளர், அக்கூரையின் கீழே வளர்ந்த ஓர் இளைஞன் தலைநிமிர்ந்து உலாவத்தக்க அறையொன்று திடீரெனத் தோன்றுவதைக் காண்கின்றனர். இங்கே போலி யன்னல் போன்ற சமாதானம் எதுவும் அளிக்கப்படவில்லை. கதைக்கு ஓர் அறை தேவைப்பட்டது, அறை வந்தது. இல்லாத மாடியை ஏற்றுக்கொண்ட பார்வையாளர் அதற்கும் மேலே இன்னொன்றை ஏற்பர் எனக் கருதியமை அவர்தம் நல்லெண்ணத்தை அளவுமீறிச் செலவிட்டதாகும்.

இம்முரண்களின் அளவை அடியிலும் டொலரிலும் கணித்தறியும் வாய்ப்பு 2018 இற் கிட்டியது. டில்லிங் வீதி இல்லத்தை எச். ஜி. ரி. வி. தொலைக்காட்சி நிறுவனம் 35 இலட்சம் டொலருக்கு வாங்கி, அதன் உட்புறத்தைத் தொடரிற் கண்டவாறே மாற்றியமைக்க முற்பட்டது. பிள்ளைகளாக நடித்த அறுவரும், அப்போது நடுவயதையும் கடந்தவர்களாய், இப்பணியிற் பங்குகொண்டனர். அப்பணி 2019 இல் ஒரு தொடராகவும் ஒளிபரப்பாயிற்று. பழைய அத்தியாயங்களே அதற்கு வரைபடமாயின. கூடமும் மாடிப்படியும் பிள்ளைகளின் அறைகளும் கிரெக்கின் கூரையறையும் அவ்வீட்டினுள் அடங்கவேண்டும். வீதியிலிருந்து நோக்குவோர்க்கோ முகப்பு மாறாது தோன்றவேண்டும். எனவே பார்வைக்கு எட்டாதவாறு பின்புறத்தே ஏறத்தாழ 2000 சதுர அடி புதிதாகக் கட்டப்பட்டது. 1969 இல் ஒரு போலி யன்னலாற் சரிக்கட்டிய பொய், 50 ஆண்டுகளின் பின் மெய்யாக்கப்பட்டபோது, பழைய வீட்டோடு ஏறக்குறைய இன்னொரு வீட்டையே சேர்க்கவேண்டியதாயிற்று.

அங்ஙனம் அகமும் புறமும் பொருந்திய அவ்வில்லம் 2023 இல் 32 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. முரணோடு இருந்தபோது வாங்கிய விலையிலும் அது மூன்று இலட்சம் குறைவு.