முன் அச்சு வளைந்த ஜீப்

மரக்கறி ஏற்றித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அந்தப் பழைய சீரிஸ் லாண்ட்ரோவர் ஜீப் சென்ற மாரியில் மதகொன்றில் மோதியது. வெளியே பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஒரு மாதத்திற்குள் முன் டயரொன்று உள்விளிம்பில் மட்டும் தேய்ந்துவிட்டது. சில்லின் உட்புறத்தில் ஒயிலும் கசிந்தது. முன் அச்சின் கூடு வளைந்திருந்தது.

"சூடாக்கி நிமிர்த்தித் தாறன் அக்கா, பாதிச் செலவுதான்" என்றார் கராஜ் பாஸ். கணவர் வெளிநாட்டில்; முடிவு என் தலையில். ஸ்டியரிங்கும் பிரேக்கும் நம்பியிருப்பது அந்த அச்சைத்தானே! சூடாக்கி நிமிர்த்திய இரும்பை நம்பி மலைப்பாதையில் மகனை அனுப்ப மனம் வரவில்லை. வேறு அச்சுத் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனோம்.

பழைய அச்சு வாங்கும் சகோதரிகளே, துருவை மட்டும் பார்க்காதீர்கள். முன்னும் பின்னும் பல்லு விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். சீரிஸ் ஜீப்புக்கு அது 4.7. வேகத்துக்காகச் சிலர் ரேஞ்ச் ரோவரின் 3.54 பல்லை உள்ளே மாற்றியிருப்பார்கள், வெளியே தெரியாது. மாறிப் பூட்டி நான்கு சில்லையும் இழுக்க விட்டால் கியர்கள் ஒன்றையொன்று முறிக்கும். கடையிலேயே ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்து, மறுபக்கத்தை இரண்டு முழுச்சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். நடுவிலுள்ள தண்டு ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் சரி. மூன்றரையோடு நின்றால் வேண்டாம். நாங்கள் பார்த்த முதலாவது மூன்றரையோடுதான் நின்றது!

சில்லைத் திருப்பும் உருண்டையில் துருக்குழி இருந்தாலும் விட்டுவிடுங்கள். புதிய ஒயில் சீலையும் அது கிழித்துவிடும்.

வில்லுத் தகட்டோடு அச்சை இறுக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுவித்தேன். பிரேக் குழாய்களில் காற்றெடுத்து, சில்லுகளின் நேரும் பார்த்தார்கள். சில நாள் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கினோம். இரண்டு நட்டு தளர்ந்திருந்தது.