கல்திட்டைகளை அளவிடுவதில் கையடக்க முப்பரிமாண வருடி: பிழைகளும் மேம்பாட்டு வழிகளும் (பேத்துப்பாறையை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தொல்பொருள்களை ஆவணப்படுத்தக் கையடக்க முப்பரிமாண வருடிகள் பரவலாகப் பயன்படுகின்றன. விளம்பரங்களில் கூறப்படும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குத் துல்லியம் சிறு பொருள்களுக்குப் பொருந்தலாம். கல்திட்டை போன்ற பெரிய கட்டமைப்பை அளக்கும்போது காட்சிகளை ஒன்றோடொன்று இணைப்பதில் சேரும் பிழையே முதன்மை பெறுகிறது. அப்பிழை வளரும் முறையையும், கருவியின் அமைப்பிலும் களநடைமுறையிலும் அதனைக் குறைக்கும் வழிகளையும் பேத்துப்பாறைச் சூழலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்திட்டை, முப்பரிமாண வருடி, இணைப்புப் பிழை, அளவுகோல் சட்டம், பேத்துப்பாறை.

1. முன்னுரை

பழனிமலைத் தொடரில், கொடைக்கானலை அடுத்துள்ள பேத்துப்பாறைப் பகுதியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் காணப்படுகின்றன. இம்மலைத் தொடரின் கல்திட்டைகளை விரிவாக ஆராய்ந்தவர்கள் இயேசு சபைத் துறவியரான ஆங்லாட், நியூட்டன் ஆகிய இருவர். அவர்களது நூல் 1928-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் 36-ஆவது நினைவேடாக வெளிவந்தது. அளவுநாடா, வரைபடம், ஒளிப்படம் ஆகியவையே அக்கால ஆய்வாளரின் கருவிகள். இன்று அவற்றின் இடத்தை வருடி பெற்றுவருகிறது.

கல்திட்டைகள் அழியும் வேகத்தோடு ஒப்பிட்டால் அவற்றைப் பதிவுசெய்யும் வேகம் குறைவு. மண்ணரிப்பு, வேர்களின் நெருக்கல், தோட்ட விரிவாக்கம், புதையல் தேடுவோரின் கை ஆகியவற்றால் பலகைக் கற்கள் சாய்கின்றன. ஒரு கல் சாய்ந்துவருகிறது என்பதை நிறுவ வேண்டுமாயின் இன்றைய அளவையும் இருபது ஆண்டுக்குப் பிந்தைய அளவையும் ஒப்பிட வேண்டும். இவ்விரு அளவுகளின் பிழை கல்லின் நகர்வைவிட மிகுதியாக இருப்பின் அந்த ஒப்பீடு எதனையும் மெய்ப்பிக்காது. எனவே வருடியின் பிழையை அறிதல் பாதுகாப்புப் பணியின் முதற்படியாகிறது.

2. கருவி செயற்படும் முறை

பெரும்பாலான கையடக்க வருடிகள் முக்கோண அளவை நெறியில் இயங்குகின்றன. ஒளிவீசி ஒன்று கோடுகளையோ புள்ளிக்கோலத்தையோ பொருளின்மீது வீசுகிறது. சற்றுத் தள்ளிப் பொருத்தப்பட்ட ஒளிப்படக் கருவி அதனைப் பார்க்கிறது. பரப்பின் மேடுபள்ளத்திற்கேற்பக் கோலம் வளைகிறது. இரண்டிற்கும் இடையிலான தொலைவும் கோணமும் தெரிந்திருப்பதால் ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் கணிக்க முடிகிறது.

ஒரு காட்சியில் பொருளின் சிறு பகுதியே அடங்கும். ஆகவே நொடிக்குப் பல காட்சிகள் எடுக்கப்பட்டு, அடுத்தடுத்த காட்சிகளின் பொதுப்பகுதி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுகிறது. அண்மைப் புள்ளிகளை மீண்டும் மீண்டும் இணைசேர்த்துப் பொருத்தும் இம்முறையைப் பெசல், மெக்கே ஆகியோர் 1992-இல் விளக்கினர். இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் அம்முறையின் வழித்தோன்றல்களே செயற்படுகின்றன.

இங்கு மூன்று கருத்துகளைப் பிரித்தறிதல் வேண்டும். அடுத்தடுத்த புள்ளிகளின் நெருக்கத்தால் அமைவது பிரிதிறன். ஒரே பொருளைப் பலமுறை அளக்கும்போது விடைகள் ஒத்துவருவது மறு அளவீட்டு ஒப்புமை. உண்மை அளவுக்கு விடை எவ்வளவு அருகில் உள்ளது என்பது மெய்ந்நெருக்கம். கண்ணைக் கவரும் நுண்ணிய படம் பிரிதிறனுக்கு மட்டுமே சான்று, மெய்ந்நெருக்கத்திற்குச் சான்றாகாது.

3. பிழை வளர்தல்

ஒவ்வொரு பொருத்தலிலும் மிகச் சிறிய பிழை எஞ்சுகிறது. அடுத்த காட்சி அதன்மீதே அமர்வதால் பிழைகள் சங்கிலியாகத் தொடர்கின்றன. இதனால்தான் சில விவரத்தாள்கள் துல்லியத்தை ‘0.1 மி.மீ. + மீட்டருக்கு 0.3 மி.மீ.’ என இரு பகுதிகளாகக் குறிக்கின்றன. முதற்பகுதி ஒரு காட்சிக்கு உரியது; இரண்டாவது தொலைவோடு வளர்வது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்ட கல்திட்டையைச் சுற்றிவர ஏறத்தாழ 10 மீட்டர் ஆகும் எனக் கொள்வோம். மேற்கண்ட வாய்பாட்டின்படி பிழை 3.1 மி.மீ. வரை செல்லலாம். இருவேறு காலங்களில் இதே பிழையோடு அளந்து, பிழைகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கருதினால், வேறுபாட்டின் பிழை ஏறத்தாழ 4.4 மி.மீ. ஆகும். 1.5 மீட்டர் உயரமுள்ள பலகைக் கல் 0.1 பாகை சாய்ந்தால் அதன் உச்சி 2.6 மி.மீ. மட்டுமே நகரும். அச்சாய்வு உண்மையில் நிகழ்ந்திருந்தாலும் இந்த ஒப்பீட்டில் புலப்படாது.

மலைச்சூழல் மேலும் சில இடர்களைச் சேர்க்கிறது. நேரடி வெயிலில் ஒளிவீசியின் கோலம் மங்கிவிடும். கல்லிலுள்ள அபிரகமும் பளிங்குக் கற்களும் ஒளியை எதிரொளித்தோ உள்வாங்கிச் சிதறடித்தோ ஆழக் கணக்கைக் குலைக்கும். மைக்கலாஞ்சலோவின் பளிங்குச் சிலைகளை 1990-களின் இறுதியில் வருடிய ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழுவும் இத்தகைய சிதறலை எதிர்கொண்டது. தட்டையான பலகையில் இன்னொரு சிக்கலும் உண்டு: தனித்த மேடுபள்ளம் இல்லாதபோது ஒரு காட்சி மற்றொன்றின்மீது வழுக்கினாலும் மென்பொருளால் அதனை உணர இயலாது.

4. மேம்பாட்டு வழிகள்

4.1 கருவியும் மென்பொருளும்: நீலநிற ஒளிவீசியையும் அந்நிறத்தை மட்டும் அனுமதிக்கும் குறும்பட்டை வடிகட்டியையும் இணைத்தால் வெயிலின் தாக்கம் குறைகிறது. காட்சியை முந்தைய காட்சியோடு மட்டும் பொருத்தாமல், அதுவரை திரண்ட முழு மாதிரியோடு பொருத்துவது மற்றொரு முன்னேற்றம். மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கினெக்ட்ஃபியூஷன் இவ்வழியைப் பரவலாக அறியச் செய்தது. சுற்றி முடித்துத் தொடங்கிய இடத்திற்கு மீளும்போது தெரியும் இடைவெளியை எல்லாக் காட்சிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் வசதியும் உண்டு. ஆயினும் பகிர்தல் பிழையைப் பரப்புமே தவிர முற்றிலும் நீக்காது. ஆகவே பகிர்வதற்கு முன்னிருந்த இடைவெளியின் அளவையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். நில அளவையர் சுற்றளவையின் முடிவில் இணைவுப் பிழையைக் குறிப்பது போன்றதே இது.

4.2 சார்பற்ற நீள அளவு: வருடி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள இயலாது, வெளியிலிருந்து ஓர் உறுதியான நீளம் தேவை. வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை வெப்பநிலையைக் கணக்கிற்கொண்டு சங்கிலியால் அளந்த பின்னரே முக்கோணச் சங்கிலியை விரித்தார். பெங்களூருக்கு அருகில் மற்றோர் அடிக்கோட்டை அளந்து அதனைச் சரிபார்த்தார். கல்திட்டைக்கும் இந்நெறி பொருந்தும். அளவு சான்றளிக்கப்பட்ட சட்டங்களைத் திட்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, சிலவற்றைக் கணிப்பிற்கும் எஞ்சியவற்றைச் சோதனைக்கும் பயன்படுத்தலாம். ஒரு மீட்டர் எஃகுச் சட்டம் 15 பாகை செல்சியஸ் வெப்பமாற்றத்தில் ஏறத்தாழ 0.18 மி.மீ. நீளும். எனவே கரியிழைச் சட்டம் ஏற்றது. எஃகாயின் வெப்பநிலையைக் குறித்துத் திருத்தம் செய்ய வேண்டும்.

4.3 குறிப்புள்ளிகளின் வலை: திட்டையைச் சுற்றிக் குறியீட்டு அட்டைகளை வைத்துப் பல கோணங்களில் ஒளிப்படம் எடுத்தால், எல்லாப் படங்களையும் ஒரே கணிப்பில் தீர்த்து அட்டைகளின் இடங்களை நிறுவலாம். பிழை சங்கிலியாகத் தொடர்வதை இது தடுக்கிறது. வருடியின் காட்சிகளை இவ்வலையில் பொருத்துதலே இன்று பெரும்பயன் தரும் மேம்பாடு. ஒவ்வோர் அளவீட்டின் பிழையும் இதனால் 0.5 மி.மீ. ஆகக் குறைந்ததெனக் கொண்டால், ஒப்பீட்டின் பிழை 0.7 மி.மீ. ஆகும், 0.1 பாகைச் சாய்வு அப்போது தெளிவாகப் புலப்படும்.

4.4 களநெறி: தொழிற்சாலையில் பொருளின்மீதே ஒட்டுக்குறிகளை ஒட்டுவதும் ஒளி எதிரொளிக்காத தூளைத் தெளிப்பதும் வழக்கம். தொல்லியல் சின்னத்தில் இரண்டும் கூடாது; பாறைப்பாசியைச் சுரண்டுதலும் கூடாது. குறியட்டைகள் தனித் தாங்கிகளில் நிற்கட்டும். வெயிலைத் தார்ப்பாயால் மறைக்கலாம், அல்லது அந்தி வேளையில் பணியாற்றலாம். கருவியைச் சிறிதுநேரம் இயக்கி வெப்பநிலை சீரானபின் அளவுத்திருத்தம் செய்து தொடங்குதல் நன்று. காலமுறை ஒப்பீட்டிற்குத் திட்டை மட்டும் போதாது; அருகிலுள்ள அசையாப் பாறைத்தளத்தையும் சேர்த்து வருட வேண்டும். எது நகர்ந்தது என்பதற்கு நகராத ஒன்றே சான்று.

5. முடிவுரை

கையடக்க வருடியின் மேம்பாடு, புள்ளிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதில் அடங்கிவிடுவதில்லை. சேர்ந்து வளரும் பிழையை வெளியளவோடு கட்டுப்படுத்தி, எஞ்சியதை வெளிப்படையாகக் கூறுவதே மேம்பாடு. எனவே ஒவ்வொரு முப்பரிமாணக் கோப்புடனும் கருவியின் வகை, அளவுத்திருத்தம் செய்த நாள், வெப்பநிலை, இணைவு இடைவெளி, சோதனைச் சட்டங்களில் கண்ட வேறுபாடு ஆகிய ஐந்தையும் இணைத்துச் சேமித்தல் வேண்டும். திருத்தப்படாத மூலத் தரவும் உடன் இருத்தல் நலம். பிற்காலத்தில் சிறந்த மென்பொருளால் அதனை மீண்டும் கணிக்கலாம். இவ்விவரங்கள் இல்லாத கோப்பு காட்சிக்குப் பயன்படும். கல் சாய்ந்ததா என்ற வினாவுக்கு அதனால் விடையளிக்க இயலாது. பேத்துப்பாறைக் கல்திட்டைகளை வருங்கால ஆய்வாளர் மீண்டும் அளக்கும்போது, இன்றைய அளவை எந்த எல்லை வரை நம்பலாம் என்பதையும் அவருக்கு நாம் எழுதிவைத்துச் செல்ல வேண்டும்.